அம்பின் முனை



அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். சொந்த ஊர் காயல்பட்டினம். எங்கள் ஊரில் கைத்துப்பாக்கியைக் காவலர் இடுப்பில் கண்டிருப்போமே தவிர, கையால் தொட்டிருக்க மாட்டோம். டெக்சாஸ் மாநிலத்திலோ அது கடையில் வாங்கும் பொருள். அப்படி ஒன்று என் வீட்டுக்குள் வந்த கதையையும், அதனால் நான் கற்ற பாடத்தையும் எழுதுகிறேன்.

2017 ஜனவரியில் எங்கள் மாநிலத்தின் விக்டோரியா நகரப் பள்ளிவாசல் இரவோடு இரவாகத் தீக்கிரையாக்கப்பட்டது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆவுக்கு வந்தவர்கள்மீது ஒருவன் சுட்டதில் 51 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த ஜும்ஆவில் மகனை அருகில் அமர்த்திக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குத்பாவில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. அந்த மாதமே க்ளாக் 19 என்னும் 9 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுவதுதானே மார்க்கம் என்று மனத்துக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பயிற்சிக்குச் சென்ற முதல் நாள் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. ஜெஃப் கூப்பர் என்னும் அமெரிக்கர் வகுத்த நான்கு விதிகளையே பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலின் வாய் படக் கூடாது. குறி பார்த்து முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். சுடப்போவது யாரை, அவருக்குப் பின்னால் இருப்பது என்ன என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். மரச்சட்டத்தில் அட்டை அறைந்து கட்டப்படும் அந்நாட்டு வீட்டுச் சுவர்களைத் தோட்டா எளிதில் துளைத்து அடுத்த அறைக்குப் போய்விடும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

பிறகு மாதம் இருமுறை சுடுதளத்துக்குப் போனேன். ஆறேழு மீட்டர் தொலைவில் காகித இலக்கு. உறையிலிருந்து எடுப்பது, இரு கைகளாலும் பற்றுவது, மூச்சைச் சீராக்கி விசையை மெல்ல அழுத்துவது. வீட்டில், தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிட்டு, வெற்றுத் துப்பாக்கியுடனும் பயின்றேன்.

கை பழகியதும் ஆசை பிறந்தது. துப்பாக்கியைத் தன் விருப்பப்படி மாற்றியமைப்பது அங்கே பெரிய வணிகம். இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் குறிகளை முதலில் பொருத்தினேன். பிடி வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான பட்டை ஒட்டினேன். விசையையும் மாற்றினேன். அசல் விசைக்குச் சுமார் 2.5 கிலோ அழுத்தம் வேண்டும், புதியதற்கு 1.5 கிலோ போதும். சுடுதளத்தில் இலக்கின் நடுவில் துளைகள் நெருங்கி விழுந்தன, பெருமையாக இருந்தது. கடைசியாகக் குழலுக்குக் கீழே சக்திவாய்ந்த விளக்கு ஒன்று. "மகனுக்குச் சைக்கிள் வாங்க யோசிக்கிறீங்க, இதுக்கு மட்டும் கணக்கே இல்ல" என்றாள் மனைவி. குடும்பத்தின் பாதுகாப்புக்குத்தான் என்றேன். அதில் பாதிதான் உண்மை.

2022 கோடையில் வாப்பா எங்களைப் பார்க்க வந்தார்கள். வந்த இரண்டாம் இரவு மூன்று மணிக்கு ஏதோ உருளும் ஓசை கேட்டு விழித்தேன். கீழ்த்தளத்தில் அலமாரிக் கதவு ஒன்று மெல்லச் சாத்தப்படுவது போல் இருந்தது. வாப்பா வந்திருக்கும் நினைவே எழவில்லை. குடும்பத்தை ஓர் அறையில் சேர்த்துக் கதவடைத்து 911-ஐ அழையுங்கள், தேடிப் போகாதீர்கள் என்று பயிற்சியாளர் சொன்னதும் நினைவில் இல்லை. பெட்டகத்தைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

சமையலறை இருட்டில் ஓர் உருவம் குனிந்து நின்றது. யாரென்று பார்க்க விளக்கு வேண்டும். விளக்கு இருப்பதோ குழலின் அடியில். ஒளி எங்கே விழுகிறதோ அங்கேதான் தோட்டாவும் போகும். துப்பாக்கியை உயர்த்தினேன். பெருவிரல் விளக்கின் பொத்தானைத் தேடியது. சுட்டுவிரல் எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அந்த உருவம் இருமியது.

நான் பிறந்தது முதல் கேட்டு வந்த இருமல். கையை முதுகுக்குப் பின் மறைத்துக்கொண்டு சுவர் விளக்கைப் போட்டேன். கையில் ரஸ்க் டப்பாவுடன் வாப்பா நின்றார்கள். "ஒனக்கும் தூக்கம் வரலியா வாப்பா? பசிக்குது. ஊர்ல இப்ப பவல் சாப்பாட்டு நேரம்" என்று சிரித்தார்கள். உண்மைதான்; ஊரில் அப்போது மதியம் ஒன்றரை மணி. மேலே போய்த் துப்பாக்கியைப் பூட்டிவிட்டு வந்து தேநீர் போட்டுக் கொடுத்தேன். கை நடுங்கியது. குளிர் என்றேன்.

ஃபஜ்ருக்குப் பிறகு முஸல்லாவிலேயே அமர்ந்திருந்தேன். சகோதரனை நோக்கி ஆயுதத்தைக் காட்ட வேண்டாம், ஷைத்தான் கையை வழுவச் செய்து அவன் நரகப் படுகுழியில் விழக்கூடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. வழுவுவதற்கு எளிதாக, 1 கிலோ அழுத்தத்தை நானே காசு கொடுத்துக் குறைத்து வைத்திருந்தேன். அம்பெய்தலைப் பலம் என்று மிம்பரிலிருந்து புகழ்ந்த அதே நபியவர்கள்தான், பள்ளிவாசலுக்குள்ளும் கடைவீதியிலும் அம்புடன் வருபவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ளட்டும், எந்த முஸ்லிமுக்கும் காயம் நேரக் கூடாது என்றும் கட்டளையிட்டார்கள். முதல் ஹதீஸை நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். இரண்டாவதை அன்றுதான் எனக்கென்று படித்தேன்.

அந்த வாரமே அசல் விசையைத் திரும்பப் பொருத்தினேன். குழல் விளக்கைக் கழற்றிவிட்டுத் தனியாக ஒரு கைவிளக்கு வாங்கினேன். முதலில் ஒளி, பிறகு "யாரது?" என்னும் குரல், துப்பாக்கியின் வாய் தரையை நோக்கி, இந்த வரிசையைத்தான் இப்போது பயில்கிறேன். விருந்தினர் தங்கும் நாட்களில் இரவு விளக்கு எரியும். பள்ளிவாசலில் சிலர் சேர்ந்து, காயத்தில் இரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவிப் பயிற்சியும் எடுத்தோம். கிறைஸ்ட்சர்ச்சை நினைக்கும்போது அதுவும் காவல்தான் என்று தோன்றுகிறது.

துப்பாக்கியை விற்றுவிடவில்லை. அது சரியா என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. உங்களில் பெரும்பாலோர் வீட்டில் துப்பாக்கி இருக்காது. ஆனாலும் அச்சத்தில் வாங்கி, பெருமையில் கூர் தீட்டிய ஏதோ ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது, அது நாவாகவும் இருக்கலாம். அதன் முனையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வோம்.

வாப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர்கள் இதைப் படித்தால் என்னை மன்னிக்கட்டும். நம் கைகளையும், நம் கைகளிலிருந்து நம் குடும்பத்தாரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.