புல்காருக்குப் பத்து நாள் வழி

அவனியாபுரத்தில் வீட்டு மாடியில் நின்றால் மதுரை விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களைக் காணலாம். சென்ற ரமளானில் ஒருநாள், நம்மிடம் ஓத வரும் மாணவர் அவற்றுள் ஒன்றைச் சுட்டி வினவினார்: "ஹஜ்ரத், சென்னைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தானே ஆகிறது? இதற்கும் கஸ்ரு உண்டா?"

உண்டு என்றோம். ஹனபி நூல்கள் மூன்று நாள் வழி என்றும், ஷாபிஈ நூல்கள் இரண்டு மர்ஹலா என்றும் கூறியது அக்கால நடையை வைத்து. பிற்கால உலமாக்கள் அதனை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் எனக் கணித்தனர். தொலைவே அளவு; வாகனத்தின் வேகமன்று.

விடை கூறிவிட்டோம். எனினும் அந்த மர்ஹலாக் கணக்கு நம்மை இப்னு பதூதாவிடம் கொண்டு சேர்த்தது. அவர் நமக்கு அயலார் அல்லர். 1340-களில் மதுரைக்கு வந்தவர். சுல்தான் கியாதுத்தீன் தாமகானியின் கொடுமைகளையும், ஊரை வாரிச் சென்ற கொள்ளைநோயையும் எழுதி வைத்தவர். அவர் எழுத்து இல்லையேல் மதுரை சுல்தான்களைப் பற்றி நாணயங்களும் சிற்சில குறிப்புகளுமே நமக்கு மிஞ்சியிருக்கும்.

அவரே வடநாட்டுப் பயணம் ஒன்றையும் உரைக்கிறார். உஸ்பெக் கானின் பாசறை பிஷ் தாகில் இருந்தது. ஐந்து மலை என்பது பொருள். இன்றைய ருஷ்யாவின் பியாத்திகோர்ஸ்க் என்னும் பெயருக்கும் அதுவே பொருள். அங்கிருந்து வோல்கா நதிக்கரைப் புல்காருக்குப் பத்து நாள் வழி என்கிறார். ரமளானில் போய்ச் சேர்ந்தாராம். மஃரிப் தொழுது நோன்பு திறந்து உண்ணும்போதே இஷா பாங்கு ஒலித்ததாம். தராவீஹ் முடிந்ததும் வைகறை வெளுத்ததாம். மூன்று நாள் தங்கித் திரும்பி, பெருநாளைச் சுல்தானோடு கொண்டாடியதாக எழுதுகிறார்.

நேர்கோட்டில் அளந்தாலே அத்தொலைவு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். விமானத்திற்கு இரண்டு மணி நேரம். ஒரு மர்ஹலாவை 40 கிலோமீட்டர் எனக் கொண்டால் முப்பத்திரண்டு நாள்! 922-இல் கலீபாவின் தூதுக்குழுவோடு புல்கார் சென்ற இப்னு பழ்லான், குர்கஞ்சிலிருந்து அங்கு சேர எழுபது நாள் ஆனதென்கிறார். அங்கு இஷாவுக்குக் காத்திருந்து விடியலைக் கண்ட கதையும் அவரிடமே முன்னர் இருக்கிறது. மங்கோலியரின் அஞ்சல் குதிரைகள் விரைந்து செல்லுமே என்று நம் மனம் வாதாடியது. ஆனால் தூதனின் ஓட்டம் வேறு, விருந்தினரின் பயணம் வேறு. 1929-இலேயே ஜானிசெக் என்ற ஆய்வாளர் இப்பயணம் நடந்திராது என்று எழுதிவிட்டார்.

ஹதீஸ் கலை பயின்ற நமக்கு இது சுடுகிறது. ஓரிடத்தில் பொய்த்த ராவியை விட்டுவிடுவதே நம் ஆசிரியர்கள் கற்பித்த வழி. அப்படியாயின் மதுரைச் செய்தியும் போய்விடுமே! ரிஹ்லா பல்லாண்டு கழித்து ஃபெஸ் நகரில் இப்னு ஜுஸைய்யிடம் சொல்லி எழுதப்பட்டது, 1355-இல் முடிந்தது. மறதி என்று சொல்லலாம். ஆனால் போகாத ஊருக்குப் போனேன் என்பது மறதியாகுமா? நாம் அதை மன்னிக்கவில்லை. எனினும் வரலாற்றில் ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே நிறுக்கலாம். தாமகானியின் பெயரை நாணயம் சொல்கிறது. அன்றியும், அந்தச் சுல்தானின் மனைவியும் இப்னு பதூதாவின் மனைவியும் உடன்பிறந்தார். உறவினரின் கொடுமையை வெளியிட்டு அவர் அடைந்த ஆதாயம் ஒன்றுமில்லை. ஆகவே மதுரையை ஏற்கிறோம், புல்காரை விடுகிறோம்.

இவ்வளவும் கேட்ட மாணவர் சற்று யோசித்தார்.

"அந்தப் பயணத்தில் அவர் கஸ்ரு தொழுதிருப்பாரா, ஹஜ்ரத்?"

நாம் சிரித்துவிட்டோம். பாங்கும் ஒலித்தது. பேரீச்சம்பழத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினோம்.