தீப்பெட்டிக்குள் பாஞ்சாலங்குறிச்சி

தமிழ்ல முழுசா ஒரு கட்டுரை எழுதுறது இதுதான் முதல் தடவை. பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். சந்திப்பிழை எல்லாம் ரூம்மேட் திருத்தித் தந்தான். அதுக்கு மேலயும் தப்பு இருந்தா அது என்னோடது.

போன வருஷம் எனக்கு ஒரு கிறுக்கு பிடிச்சது. ஒரு போர் விளையாட்டு டிசைன் பண்ணணும், காய், விதி, மேப் எல்லாமே ஒரு தீப்பெட்டிக்குள்ள அடங்கணும். ஊர் கோவில்பட்டி. ஊர் முழுக்க தீப்பெட்டி ஆபீஸ். வேற எந்த டப்பா ஞாபகத்துக்கு வரும்? ஸ்கேல் வச்சு அளந்தேன். அடிப்பெட்டி உள்ளே நாலரை சென்டிமீட்டர் நீளம், மூணு அகலம், ஒண்ணு ஆழம். அவ்வளவுதான் இடம்.

போர் விளையாட்டு முதல்ல இவ்வளவு சின்னதா இல்ல. 1812ல ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்யா ராஜாவுக்குச் செஞ்சு கொடுத்தது ஒரு பெரிய மேஜை, அதுல இழுப்பறை நிறைய காய்கள். 1977ல அமெரிக்காவுல ஸ்டீவ் ஜாக்சன் 'ஓகர்'னு ஒண்ணு போட்டார், அது பாக்கெட்ல வச்சுக்கலாம். ஒரு பக்கம் ஒரே ஒரு ராட்சச டாங்க், இன்னொரு பக்கம் நிறைய குட்டிப் படைகள். இதைப் படிச்சதும் எனக்குத் தோணினது, அட, இது நம்ம ஆடு புலி ஆட்டம்தானே. மூணு புலி, பதினஞ்சு ஆடு, முக்கோணக் கட்டத்துல 23 புள்ளி. புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது, சுத்தி வளைச்சு அடைக்கும். ரெண்டு பக்கமும் சமம் இல்ல, ஆனா யாரு வேணாலும் ஜெயிக்கலாம்.

சரி, இதுக்கு எந்தச் சண்டை? எங்க பக்கத்துல கேட்கவே வேண்டாம், பாஞ்சாலங்குறிச்சிதான். கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டது 1799. நான் எடுத்தது அதுக்கு அப்புறம் நடந்த ரெண்டாவது சண்டை. 1801 பிப்ரவரியில பாளையங்கோட்டை சிறையில இருந்து தப்பிச்ச ஊமைத்துரை, கம்பெனி இடிச்சுப் போட்ட கோட்டையைச் சில நாள்லயே மண்ணால திரும்பக் கட்டிட்டார். மார்ச் 31 கம்பெனிப் படை வந்து மோதித் தோத்துது. அப்புறம் மேல மேல படையும் பீரங்கியும் வந்து, மே 24 கோட்டை விழுந்தது.

முதல் டிசைன்ல கம்பெனிதான் புலி. பீரங்கி வச்சிருக்கான் இல்லையா. நம்ம ஆளுங்க ஆடு. தீக்குச்சியை எட்டு மில்லிமீட்டருக்கு நறுக்கி, மருந்து இருக்கிற துண்டு புலி, வெறும் குச்சி ஆடுன்னு வச்சேன். பெட்டி கச்சிதமா மூடுச்சு. ஹாஸ்டல்ல ஒருநாள் கரண்ட் போனப்போ எவனோ என் தளபதியைப் பக்கப்பட்டையில உரசி மெழுகுவர்த்தி கொளுத்திட்டான். விரலையும் சுட்டுக்கிட்டான். அது தனிக் கதை.

ஆனா விளையாடிப் பார்த்தா ஏதோ உதைச்சுது. என்னன்னு பிடிபடல.

லீவுல ஆச்சிகிட்ட காட்டினேன். ஆச்சி சின்ன வயசுலேயே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனது. பள்ளிக்கூடம் கிடையாது. கட்டை அடுக்குற வேலை. காடி வெட்டின சட்டத்துல ஒவ்வொரு குச்சியா வேகமா அடுக்கணும். பின்னால வீட்டுல உட்கார்ந்து பெட்டி ஒட்டுச்சு. குரோஸுக்கு இவ்வளவுன்னு கூலி. எங்க அப்பா படிச்சது அந்தக் காசுலதான்.

கதையைக் கேட்டதும் முதல் கேள்வி: "ஊமைத்துரை ஆடாலே?"

"இல்ல ஆச்சி, அவங்க நிறைய பேரு, ஆயுதம் கம்மி…"

"கோட்டைக்குள்ள இருக்கிறவன்தாம்லே புலி. வெளிய இருந்து ஒண்ணொண்ணா வந்து அடைக்கிறவன் ஆடு."

அப்படியே உட்கார்ந்துட்டேன். ஆடு புலியில ஆடுகளை ஒவ்வொண்ணாத்தான் வைப்போம். பதினஞ்சும் இறங்குற வரைக்கும் வச்ச ஆடு நகரக் கூடாது, புலி அதுக்குள்ள வெட்டிக்கிட்டே இருக்கும். மார்ச்சுல தோத்து, ஆள் சேர்த்து, மே மாசம் கோட்டையை அடைச்ச கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான விதி நான் எழுதியிருக்க முடியாது. ரெண்டு மாசம் உதைச்சது பக்கத்தை மாத்தினதும் சரியாப் போச்சு.

சரி ஆடுவோம்னு பெட்டியைக் கவுத்தேன். ஆச்சி ஒரு குச்சியை எடுக்கப் பார்த்துச்சு. முடியல. மறுபடி பார்த்துச்சு, உருண்டு ஓடிடுச்சு. விரல் கணுவெல்லாம் வீங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவே மாட்டேங்குது. நாள் முழுக்க தீக்குச்சி அடுக்கின கை. "கண்ணு தெரியலய்யா"ன்னு சொல்லிச்சு. கண்ணு இல்லன்னு எனக்குத் தெரியும். சின்னதாக்கணும் சின்னதாக்கணும்னு மட்டுமே யோசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். யாரு கையில எடுத்து வைப்பாங்கன்னு ஒருநாள் கூட யோசிக்கல.

அன்னைக்கு ராத்திரி பெரிய காய்க்கு என்னென்னவோ கணக்குப் போட்டேன். பதினெட்டு முழுப் புளியங்கொட்டை போட்டா பெட்டி மூடாது. காலையில எந்திரிச்சு வந்தா ஆச்சி அம்மிக் குழவியால புளியங்கொட்டையை ரெண்டா உடைச்சு வச்சிருக்கு. ஒன்பது கொட்டை, பதினெட்டு பாதி. ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. பழுப்பு மேல இருந்தா புலி, வெள்ளை மேல இருந்தா ஆடு. தட்டையா இருக்கிறதால அடுக்கினா பெட்டி மூடுது, மேல ஒரு துண்டு சாக்பீஸுக்கும் இடம் இருக்கு. மேப் எதுக்கு? தரையில கோடு போட்டா போச்சு.

நான் சேர்த்தது ஒரே ஒரு விதி. கோட்டை விழுந்தப்போ காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையை ஒரு பொம்பள காப்பாத்துனதா இந்தப் பக்கம் சொல்லுவாங்க. தேடி வந்தவங்ககிட்ட அது தன் பையன், அம்மையில கிடக்கான்னு அழுதாளாம். வந்தவங்க பயந்து ஓடிட்டாங்க. (அவரை அப்புறம் பிடிச்சு அதே வருஷம் நவம்பர்ல தூக்குல போட்டாங்க.) அதனால மூணு புலியும் அடைபட்டா, ஒரு தடவை மட்டும், ஒரு புலியை வெள்ளைப் பக்கம் திருப்பி, காலியா இருக்கிற எந்தப் புள்ளியிலும் வைக்கலாம். ஒட்டி நிக்கிற ஆடு அடுத்த சுத்து நகரக் கூடாது.

திண்ணையில கோடு போட்டு உட்கார்ந்தோம். நான் ஆடு. அஞ்சு ஆட்டைப் பறிகொடுத்து, ஒருவழியா மூணு புலியையும் அடைச்சுட்டேன். ஆச்சி ஒண்ணைத் திருப்பி என் ஆடுகளுக்கு நடுவுல கொண்டு வந்து வச்சுது.

"அம்மை போட்டிருக்கு. தள்ளி நில்லுலே."

அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு ஆடு போச்சு.