லாக் தெருவில் பூட்டு இல்லை

கோட்டூர்புரம் என்றதும் என்ன ஞாபகம் வரும்? பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம். ஸ்கூல் டூர் போனவர்களுக்கு பிர்லா கோளரங்கம். 2015 டிசம்பரை மறக்காதவர்களுக்கு வெள்ளம். படகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் பழைய கோட்டூர் ஒரு கால்வாய்க்கரை கிராமம். வடக்கே அடையாறு, கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கு சாட்சியாக ஒரு பெயர் மட்டும் மிச்சமிருக்கிறது. கோட்டூரில் 'லாக் தெரு' என்று ஒரு தெரு உண்டு. புதிதாகக் குடி வருகிறவர் "இங்கே பூட்டு செய்தார்களா?" என்று கேட்டால் சிரிக்கக் கூடாது. சேப்பாக்கத்தில் வேறு லாக் நகர் இருக்கிறது! இரண்டும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருப்பது தற்செயல் இல்லை.

இந்த லாக், பூட்டு இல்லை. படகுகளை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டி. கால்வாயில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அடையாறோ கடல் ஏற்றத்தில் உயரும், வற்றத்தில் இறங்கும், மழைக்காலத்தில் சீறும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் கால்வாய் ஒருநாள் காலியாகும், மறுநாள் பொங்கும். அதனால் ஆறும் கால்வாயும் சேரும் இடத்தில் முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு தொட்டி கட்டுவார்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, உள்ளே இருக்கும் தண்ணீரை மெல்ல ஏற்றியோ இறக்கியோ வெளியே உள்ள மட்டத்துக்குக் கொண்டுவந்து, முன்கதவைத் திறப்பார்கள். மோட்டார் எதுவும் வேண்டாம். தண்ணீரின் எடையே போதும்.

கால்வாயின் கதை 1806-ல் ஆரம்பிக்கிறது. பேசில் காக்ரேன் என்பவர் மதராஸிலிருந்து எண்ணூருக்கு வெட்டினார். 1837-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. கடைசியில் ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். ஆனால் ரொம்ப நாள் நடுவில் ஒரு ஓட்டை. வடக்குக் கால்வாய் கூவத்தோடு நின்றது. தெற்குக் கால்வாய் அடையாற்றோடு, அதாவது கோட்டூர் பக்கத்தில் நின்றது. இடையில் 8 கிலோமீட்டர்.

அந்த 8 கிலோமீட்டரை வெட்டியது பஞ்சம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மாகாணம் முழுக்க லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். உயிரோடு இருந்தவர்களுக்கு நிவாரண வேலை என்று மண்வெட்டியைக் கொடுத்தார்கள். 1877 தொடக்கத்தில் மதராஸ் நிவாரண வேலைகளுக்கு நிர்ணயித்த கூலி, ஒரு ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரை கிலோ கூட இல்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவர்கள் 'லேபர் காஸ்ட்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம். 1878-ல் கால்வாய்க்குப் பெயர் வைத்தபோது அது வெட்டியவர்களுக்குப் போகவில்லை. கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனுக்குப் போனது.

அதற்குப் பிறகு படகுகள் நகரத்தைக் குறுக்கே கடந்து போக முடிந்தது. விறகு, உப்பு, சிப்பி, நெல்... எடை அதிகம், விலை குறைவு, அவசரமும் இல்லாத சரக்குகள். அவற்றுக்கு மாட்டு வண்டியைவிடப் படகு எவ்வளவோ மலிவு. படகுக்காரர்கள் கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தும் போனார்கள். இந்தக் கால்வாயில் மாமல்லபுரத்துக்குப் படகில் போனதைத்தான் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்ற பாட்டில் சொல்கிறார். சென்னையிலிருந்து தெற்கே போகும் படகு அடையாற்றைத் தாண்டியதும் கோட்டூர் கரையை உரசாமல் போக முடியாது.

ரயிலும் லாரியும் வந்ததும் சரக்கு குறைந்தது. 1965, 1966 புயல்கள் கால்வாயைக் கெடுத்தன. அதற்கப்புறம் அது சாக்கடைதான்.

எல்லா ஊரிலும் இப்படி ஆகவில்லை. காக்ரேன் இங்கே வெட்ட ஆரம்பிப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், 1805-ல், இங்கிலாந்தில் ஸ்டோக் ப்ரூயர்ன் என்ற கிராமத்தை அடுத்து ப்ளிஸ்வர்த் கால்வாய்ச் சுரங்கம் திறக்கப்பட்டது. அங்கேயும் லாக்குகள், அங்கேயும் சரக்குப் படகு, அங்கேயும் ரயில் வந்து வியாபாரத்தைத் தின்றது. 1963-ல் பழைய மாவு மில் ஒன்றைக் கால்வாய் மியூசியமாக்கினார்கள். இன்றும் ஜனங்கள் டீ குடித்துக்கொண்டு லாக் கதவு திறப்பதை வேடிக்கை பார்க்கிறார்கள். நம்மிடம் வேடிக்கை பார்க்க ஒரு தெருப் பலகை.

இங்கே கால்வாய்க்கு மேலே பறக்கும் ரயில் வந்தது. தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். நிலம் வாங்க வேண்டாம், வீடு இடிக்க வேண்டாம், கணக்கு லாபம்தான். 2004-ல் திருவான்மியூர் வரை ரயில் ஓடியபோது கோட்டூர்புரத்துக்கு ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. ஆனால் 2008-ல் இதே பக்கிங்காம் கால்வாயையும் சேர்த்து தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். தூண்களுக்கு நடுவே கப்பல் விடுவார்களோ என்னவோ!

தண்ணீர் மட்டும் பழைய வழியை மறக்கவில்லை. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டபோது கோட்டூர்புரத்தில் மறுபடி படகு ஓடியது. இந்த முறை தெருவுக்குள். பங்களாக்காரர், குடிசை மாற்று வாரிய வீட்டுக்காரர் எல்லோர் வீட்டிலும் ஒரே தண்ணீர். பிறகு நடந்தது ஒன்றாக இல்லை. பங்களாக்கள் வெள்ளையடித்துக்கொண்டன. அடையாற்றங்கரையில் இருந்த ஏழைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வீட்டு வேலையும் பள்ளிக்கூடமும் இங்கே, வீடு பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால். பெரும்பாக்கம் இருப்பதோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். அந்தச் சதுப்பின் வெள்ளம் ஒக்கியம் மடு வழியாக வந்து சேர்வது... வேறெங்கே, இதே பக்கிங்காம் கால்வாயில்தான்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் குப்பைமேடாகக் கிடந்த இடத்தில் 2006-லிருந்து 'நிழல்' அமைப்பினர் நம் நாட்டு மரங்களாகப் பார்த்து நட்டு ஒரு மரப்பூங்காவை வளர்த்திருக்கிறார்கள். லாக் தெருவைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் எட்டிப் பார்க்கலாம்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கிரீன்வேஸ் ரோடு ஸ்டேஷனை விட்டதும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் வந்துவிடவும். ரயில் அடையாற்றைத் தாண்ட அரை நிமிஷம் கூட ஆகாது. தெற்கேயிருந்து வந்த விறகுப் படகுகள் ஆற்றில் இறங்கியதும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான்.