வெட்டும் சொல்

பிறமொழி கற்கப் புகுவோன் முதலில் நாடுவது அகராதியையே. அகராதியோ ஒரு சொல்லுக்கு நேராக மற்றொரு சொல்லை நிறுத்திவிட்டு அமைதி கொள்கின்றது. ‘கட்’ என்னும் ஆங்கில வினைக்கு நேராக ‘வெட்டு’ என எழுதி மனனஞ் செய்த மாணவன், அச்சொல்லை அறிந்துவிட்டதாகவே எண்ணுகிறான். பல்கலைக்கழகத்துள் நுழைந்து ஆங்கில நூலொன்றைப் புரட்டும்போதுதான், அறிந்த சொல்லே அறியாத சொல்லாகி நிற்பதைக் காண்கிறான்.

இவ்வினை ஆங்கிலத்தின் தொல்குடிச் சொல்லன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியை அண்டியே இது எழுத்தில் இடம்பெறத் தொடங்கியது. ஸ்கந்திநேவிய மொழித் தொடர்பினால் வந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. அதற்குமுன் வெட்டுதற் பொருளைப் பெரிதும் தாங்கிநின்ற சொல்லின் வழிவந்தது இன்றைய ‘கார்வ்’ என்பதாகும். அது இன்று இறைச்சியைத் துண்டமிடுதல், மரத்திலும் கல்லிலும் செதுக்குதல் என்னும் எல்லைக்குள் ஒடுங்கிவிட, வந்த சொல் இருந்த சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அங்ஙனம் இடம்பிடித்த சொல்லின் ஆட்சிப் பரப்பு வியப்புக்குரியது. நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் அதன் வடிவம் ஒன்றே. ‘டவுன்’ சேர்ந்தால் குறைத்தலையும், ‘இன்’ சேர்ந்தால் பிறர் பேச்சில் இடைபுகுதலையும், ‘ஓஃப்’ சேர்ந்தால் தொடர்பறுத்தலையும் அது குறிக்கும். குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்று தமிழர் கூறுமிடத்து, குழந்தை பல்லை வெட்டுகிறது என்பர் ஆங்கிலேயர். அறிமுகமானவர் எதிர்ப்படக் கண்டும் காணாதார் போற் செல்லுதலும் அவரைக் ‘கட்’ செய்தலே. விரிவுரைக்குச் செல்லாதிருத்தலும் அதுவே. இப்பொருளை மட்டும் மாணவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கத்தியின்றி நிகழும் வெட்டு சிலவேளை கத்தியினுங் கொடியது. 1953ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் அரிசி மானியத்தை வெட்டியபோது, 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து அரிசியின் விலை 70 சதமாயிற்று. ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அவ்வரலாற்றை ஆங்கிலத்திற் பயிலும் மாணவன் ‘கட்’ என்னுஞ் சொல்லின்கண் வெட்டுக்கத்தியை மட்டும் காண்பானாயின், ஏழையின் உணவுத்தட்டு அவன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

தமிழின் இயல்பு வேறு. மரத்தைத் தறிக்கிறோம், பூவைக் கொய்கிறோம், வெங்காயத்தை அரிகிறோம், கயிற்றை அறுக்கிறோம், துணியைக் கத்தரிக்கிறோம். வெட்டப்படும் பொருளும் கருவியும் மாற வினையும் மாறுகின்றது. ஆயினும் ‘வெட்டு’ என்பதும் தன்னளவில் நெடுந்தூரம் நடந்துள்ளது. கிணறு வெட்டுதல் நீரைத் தருவது. ஒருவர் கூற்றை முகத்துக்கு நேரே மறுத்தல் வெட்டிப் பேசுதல். ‘மின்வெட்டு’ என்பதோ ஆங்கில வழக்கைத் தழுவி எழுந்த தொடர். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை இருளில் இருந்த இலங்கையர்க்கு, அதனை இரவற் சொல்லென்று எண்ணவே தோன்றியிராது. வாழ்வின் அனுபவத்தோடு கலந்த சொல் எவர்க்கும் அந்நியமாவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்டு வழங்கிய பெயர் ‘கடுவ’ என்பதாகும். வாள் என்பது அதன் பொருள். மொழியியலறிஞர் திரு கந்தையா 1984இல் வெளிவந்த தமது ஆங்கிலக் கட்டுரையொன்றின் தலைப்பில் இச்சொல்லை வைத்து, ஆங்கிலம் இந்நாட்டில் அதிகாரத்தின் கருவியாக நின்றவாற்றை ஆராய்ந்தார். சிங்கள மாணவர் இட்ட பெயராயினும் அவ்வாளின் காயம் தமிழ் மாணவனுக்கும் உண்டு. ஆங்கில ஆசிரியர் இல்லாத கிராமப் பாடசாலையிலிருந்து வருபவன் பாடத்தை நன்குணர்ந்திருந்தும், ஒரு சொல் பிழைத்தால் நகைப்பரே என்றஞ்சிக் கருத்தரங்கில் வாய்திறவாதிருக்கிறான். அவனது அறிவு அன்று எவருக்கும் பயன்படாது போகின்றது. இது அவன் ஒருவனுக்கு மட்டும் நேரும் இழப்பன்று.

அவனுக்கு வேண்டுவது இன்னுமொரு சொற்பட்டியல் அன்று. ஒரு சொல் எச்சொற்களோடு கூடி, எவ்விடத்தில், எவர் வாயில் வழங்குகின்றது என்பதை வாக்கியங்களின் வழியே காட்டுதல் வேண்டும். அறிதலும் அரிதலும் தறித்தலும் வேறென உணர்ந்து தாய்மொழியில் வழங்குபவனுக்கு, சொல் இடமறிந்து பொருள் மாறும் என்பது புதிய செய்தியன்று. அவ்வுணர்வை ஆங்கிலத்துக்குங் கொண்டுசெல்லலாம் என்று அவனுக்கு உணர்த்துதலே ஆசிரியர் கடன்.

இன்னுமொன்று நோக்கத்தக்கது. தமிழில் ‘துணி’ என்னும் வினைக்கு வெட்டுண்ணுதல் என்பதும் பொருள்; முடிவுசெய்தல் என்பதும் பொருள். ஆங்கிலத்தில் முடிவுசெய்தலைக் குறிக்கும் ‘டிசைட்’ என்னுஞ் சொல்லும் வெட்டுதற் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்ததே. ஐயத்தை வெட்டியெறிதலே முடிவு என்பதைத் தொடர்பற்ற இரு மொழியாரும் தனித்தனியே கண்டிருக்கின்றனர். வாளுக்கஞ்சி ஒதுங்கிநிற்கும் மாணவன் முதலில் அறுக்க வேண்டியது அவ்வச்சத்தையே. பிழைபட்டேனும் பேசத் துணிபவனுக்கு மொழி நாளடைவில் வசமாகும். நகைப்பவரோ நகைத்த இடத்திலேயே நிற்பர்.