ஒரு ஆள் தூக்கும் கட்டு

ஆகஸ்ட் 28, 2025, வியாழன்

நேற்றைய கொழுக்கட்டையைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். சித்தப்பா மகன். "அண்ணா, பேலர் போச்சு." வைக்கோலைக் கட்டாகச் சுருட்டும் மிஷின். என்ன போச்சு, பேரிங்கா, செயினா என்று கேட்டேன். "மொத்தமா போச்சுண்ணா."

மதுராந்தகத்துக்கு மேற்கே எங்கள் நிலம். சொர்ணவாரிப் பருவ நெல் அறுப்பு பாதி முடிந்திருக்கிறது. அறுவடை மிஷின் ஏறிப் போய் இரண்டு நாளாக வைக்கோல் வரிவரியாகக் காய்ந்து கிடக்கிறது. ஆவணி மாதத்துச் சாயங்கால மழைக்கு நேரம் காலம் கிடையாது. ஒரு மழை பட்டால் கறுத்துவிடும். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மோந்து பார்க்கும் மாடுகள் இங்கே, மேடவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. அத்தையின் ஆறு மாடுகள். அவர் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது கொல்லைப் படல் தாண்டினால் நெல் வயலாம். இப்போது படல் இருந்த இடத்தில் அடுக்கு மாடி வீட்டின் கார் நிறுத்தம். பால் வாங்க அங்கிருந்துதான் வருகிறார்கள். வைக்கோல்தான் எழுபது கிலோமீட்டர் தாண்டி வரவேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போனில் சொன்னது மிகையில்லை.

எங்களுடையது செயின்-பட்டை வகை. முன்னால் சுழலும் முட்கள் தரையிலிருக்கும் வைக்கோலை வாரி உள்ளே தள்ளும். உள்ளே இரண்டு பக்கமும் செயின், நடுவே குறுக்குப் பட்டைகள். அவை ஓட ஓட வைக்கோல் பாயைப் போலச் சுருண்டுகொண்டே வந்து, அறை நிறைந்ததும் மணியடிக்கும். டிராக்டரை நிறுத்தி, கயிறு சுற்றவிட்டு, பின்கதவைத் தூக்கினால் கட்டு உருண்டு விழும். இந்த முறை செயின் அறுந்து, பட்டைகளை வாரிக்கொண்டு போய்ப் பக்கத் தகட்டைக் கிழித்திருக்கிறது. பேரிங் உட்காரும் துளை வட்டமாக இல்லை, முட்டையாகிவிட்டது. கியர் பெட்டியைத் திறந்தால் இரண்டு பல் காணோம்.

பிட்டர் சுற்றிச் சுற்றி வந்து பீடி பற்றவைத்தார். "போட்டுத் தரேன் சார். ஒண்ணே கால் லட்சம் ஆவும். ஆனா கேரண்டி மட்டும் கேக்காதீங்க." எட்டு வருஷ மிஷின். உதிரி பாகம் கேட்ட இடத்தில் பத்து நாள் என்றார்கள். போன வருஷமும் பத்து நாள் என்றுதான் சொன்னார்கள். ஐந்து வாரம் ஆனது. அந்தக் கடையின் பேரை எழுதி இந்தப் பக்கத்தை வீணாக்கப் போவதில்லை.

கிடக்கிற வைக்கோலுக்குப் பக்கத்து ஊர் பேலரை வாடகைக்குச் சொல்லியாயிற்று. கட்டுக்கு 40 ரூபாய்.

செப்டம்பர் 4, வியாழன்

ஜி.எஸ்.டி. என்றால் தாம்பரம் பக்கத்துக்காரனுக்கு முதலில் ரோடுதான் ஞாபகம் வரும். நேற்று ராத்திரி முதல் டி.வி.யில் அந்த இன்னொரு ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி விகிதங்களை மாற்றிவிட்டது. அறுவடை இயந்திரங்கள், வைக்கோல் கட்டும் இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் 12 சதவீதம் 5 ஆகிறது. 22-ஆம் தேதி முதல் அமல்.

பேப்பரும் பென்சிலும் எடுத்தேன். வரி இல்லாமல் மூன்றரை லட்ச ரூபாய் மிஷின் என்று வைத்துக்கொண்டால் இன்றைக்கு வரி 42,000. 22-ஆம் தேதி 17,500. பதினெட்டு நாள் பொறுத்தால் 24,500 மிச்சம். ஆனால் அந்தப் பதினெட்டு நாளில்தான் சுற்று வட்டாரத்தில் மிச்சமிருக்கும் சொர்ணவாரி வயல்களெல்லாம் முடியும். தம்பி வெளி வயலுக்குக் கட்டப் போனால் வரும் கூலி போய்விடும். அதையும் எழுதிக் கழித்தேன். கழித்த பிறகும் காத்திருப்பதுதான் லாபம் போலத் தெரிகிறது.

"சரி, எப்படியும் மகாளயத்துல இரும்பு வாங்கக் கூடாது" என்றார் சித்தப்பா. எட்டாம் தேதி மகாளய பட்சம் ஆரம்பம், 21 அமாவாசை. அவர் பஞ்சாங்கமும் டெல்லியின் அறிவிப்பும் ஒரே நாளில் வந்து நிற்பதை இதுவரை பார்த்ததில்லை.

மானியம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில், சிறு குறு விவசாயிக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 என்று உச்சவரம்போடு உண்டு. உழவன் செயலியில் பதிந்து, ஒதுக்கீடு வந்து, அனுமதி கிடைத்த பிறகே வாங்கவேண்டும். முந்திக்கொண்டு வாங்கினால் கிடையாது. நிலம் சித்தப்பா பேரில். பட்டாவில் இன்னும் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். அவரை இறக்கி முடிப்பதற்குள் சம்பா அறுப்பே வந்துவிடும். இந்தத் தடவை மானியம் வேண்டாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். முழுதாகத் தேறவில்லை.

ஒன்றை மட்டும் அந்தத் திட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். மானியப் பட்டியலில் சேர மிஷினுக்கு அரசுப் பரிசோதனை அறிக்கை வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் புத்னி, ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் கார்லதின்னே மாதிரி நிலையங்களில் ஓட்டிப் பார்த்து எழுதித் தருகிறார்கள். மானியம் வாங்காதவனும் அந்த அறிக்கையைக் கேட்கலாமே. கேட்டால் விற்பனையாளர் முகம் மாறுவதை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றைக்குச் சந்திர கிரகணம். ஏழு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிட்டார்கள். மொட்டை மாடியில் தெருவே நின்றது. நிலா செம்பாகப் போனதைப் பார்த்துவிட்டு வந்து தூக்கம் வராமல், இந்த மிஷினைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று தேடி உட்கார்ந்தேன்.

அமெரிக்காவில் நெப்ராஸ்காக்காரர், உம்மோ லூபென். 1910-ல் காப்புரிமை. அவரிடமிருந்து உரிமையை வாங்கிய அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி 1947-ல் 'ரோட்டோ பேலர்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. சின்னச் சின்ன உருளைகள், ஒரு ஆள் தூக்கும் அளவு. அப்புறம் 1971-ல் அயோவா மாநிலத்தில் கேரி வெர்மீர் பெரிய உருளையைக் கொண்டுவந்தார். ஒரு கட்டே ஒரு டன்னை நெருங்கும். கையால் தொடவே வேண்டாம், டிராக்டர் முள்ளால் குத்தி எடுத்துப் போகலாம். அந்த நாட்டில் ஆள் பஞ்சம். சின்ன உருளை அங்கே வழக்கொழிந்துபோனது.

வழக்கொழிந்ததாக அவர்கள் ஒதுக்கிய அந்த அளவுதான் இன்றைக்கு நம் வயல்களில் உருண்டுகொண்டிருக்கிறது. இரண்டடி குறுக்களவு, மூன்றடி நீளம், பதினைந்திலிருந்து இருபத்தைந்து கிலோ. ஜப்பான்காரர்களும் நெல் வயலுக்குச் சின்ன உருளையைத்தான் வைத்துக்கொண்டார்கள். வரப்பு குறுகியது, வாசல் குறுகியது, தூக்குவது மனுஷன்.

செப்டம்பர் 13, சனி

செங்கல்பட்டு பக்கம் ஒரு வயலில் ஓட்டிக் காட்டுகிறோம் என்றார்கள். தம்பியும் நானும் போனோம். கையில் சக்திமான், மஹிந்திரா என்று விளம்பரத் தாள்கள்.

தம்பிக்கு ஆசை சதுரக் கட்டு பேலர் மேல். பஞ்சாபில் தாளடி எரிப்பதை நிறுத்த 2018-லிருந்து மானியம் கொடுத்துப் பெருகிய மிஷின்கள் அந்த வகை. சதுரக் கட்டு லாரியில் செங்கல் மாதிரி அடுக்கும், இடம் வீணாகாது. உருளை அடுக்கினால் நடுவில் காற்றைத்தான் ஏற்றிப் போகிறோம். அவன் சொல்வது நியாயம். ஆனால் சதுரக் கட்டுக்கு முடிச்சுப் போட வேண்டும். அந்த முடிச்சுக் கருவி கைக்கடிகாரம் மாதிரி. ஒரு நாள் மக்கர் பண்ணினால் சரிசெய்ய எங்கள் பிட்டருக்குத் தெரியாது. உருளைக் கட்டில் முடிச்சே கிடையாது, கயிறு சுற்றிச் சுற்றி வந்து அறுபட்டு நிற்கும், அவ்வளவுதான். அதோடு எங்கள் டிராக்டர் 42 குதிரை. சதுரப் பேலரை இழுத்தால் மூச்சு வாங்கும்.

அடுத்தது பெல்ட் வகை. நடுவிலிருந்தே இறுக்கிக்கொண்டு வரும், கட்டு கல் மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. செயினோ ரோலரோ வைத்த நிலையான அறையில் கட்டின் நடு தளர்வாகவும் வெளிப்புறம் இறுக்கமாகவும் இருக்கும். நம் ஊர் ஈரக் காற்றுக்கு அந்தத் தளர்ந்த நடுப்பகுதிதான் மூச்சுக்குழாய். சொர்ணவாரி வைக்கோல் என்றைக்கும் முழுசாகக் காய்ந்து வருவதில்லை. இறுக்கிக் கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடித்துவிடும்.

ஆகவே செயினா, ரோலரா? செயின் மலிவு, சேறு பட்ட வைக்கோலையும் பிடித்து இழுக்கும், ஆனால் தினம் இறுக்கம் பார்க்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும். தம்பி பார்க்கமாட்டான். பார்த்திருந்தால் இந்த நாட்குறிப்பே தேவைப்பட்டிருக்காது. ரோலர் விலை கூட. பேரிங்குகள் அதிகம், ஆனால் எல்லாம் மதுராந்தகம் கடையில் கிடைக்கும் சாதாரண நம்பர் பேரிங். பேரிங் நம்பர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். விற்பனைப் பையன் என்னை ஆடிட்டர் என்று நினைத்துவிட்டான்.

கடைசியில் ஒரு சங்கதி, எந்தத் தாளிலும் இல்லாதது. கட்டு நிறைந்ததும் டிராக்டர் நிற்கவேண்டும், ஆனால் பின்னால் பேலரைச் சுழற்றும் தண்டு, பி.டி.ஓ., 540 சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், அப்போதுதான் கயிறு சுற்றும். ஒற்றை கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் இரண்டும் நின்றுவிடும். ஒவ்வொரு கட்டுக்கும் நியூட்ரல் போட்டு எடுக்க வேண்டும். எங்களுடையது இரட்டை கிளட்ச், பிழைத்தோம். பக்கத்தில் நின்ற ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து இதை இப்போதுதான் கேள்விப்படுகிறார். அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

வாடகைப் பேலர் கட்டிய லோடு விடியற்காலை வந்தது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சந்தோஷபுரம் தாண்டி இருட்டோடு இருட்டாக வந்துவிட வேண்டும்; ஏழு மணிக்கு மேல் மேடவாக்கம் சந்திப்பில் மாட்டினால் மேம்பாலமாவது கீழ்ப்பாலமாவது. எங்கள் சந்துக்குள் லாரி நுழையாது. முனையில் நிறுத்தி, குட்டி யானையில் மாற்றி, கடைசி நாற்பதடி தோளில்தான்.

அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு கட்டைக் காலால் உருட்டி, சாய்த்து, இடுப்பில் ஏந்திக்கொண்டு போனார். அடுத்ததைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தார். "இது யாருடா கட்டினது? கல்லு வெச்சிக் கட்டினானா?" தராசில் போட்டேன். 27 கிலோ. முந்தையது 19. ஈரம் வேறு இருந்தது.

ஒரு நாளைக்கு ஆறு மாட்டுக்கு இரண்டு கட்டு. வருஷத்துக்கு எழுநூற்றுச் சொச்சம். எழுநூறு முறை குனிந்து நிமிர்வது அவர். மூன்று வாரமாகக் குதிரைத்திறன், கியர் பெட்டி என்று பேசிக்கொண்டிருக்கிறோமே, அந்த இடுப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பிரிங் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருபது கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

இன்னொரு சண்டை கயிற்றுக்கு. வாடகைக்காரர் நீல பிளாஸ்டிக் கயிறு போட்டிருக்கிறார். அத்தை ஒவ்வொன்றாக அறுத்து, எண்ணி, ஆணியில் மாட்டுகிறார். 2019 அக்டோபரில் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்தார்களே, அந்தப் படத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்து மாட்டுக் கொட்டகைத் தூணில் ஒட்டியிருந்தவர் அவர். சணல் கயிறு விலை கூட. ஈரத்தில் அறுந்தும் தொலைக்கும். ஆனாலும் சணல்தான்.

செப்டம்பர் 22, திங்கள்

நவராத்திரி முதல் நாள். புது வரி. பத்து மணிக்குக் கடைக்குப் போனோம். வரி 5 சதவீதம் என்று பில் போட்டார்கள், சரி. அடிப்படை விலை மட்டும் போன வாரம் சொன்னதைவிட 8,000 கூடியிருந்தது. கேட்டதற்கு "புது ஸ்டாக் சார்" என்றார்கள். அதே மிஷின், அதே இடத்தில், அதே காக்கை எச்சத்தோடு நிற்கிறது. அரை மணி நேரம் வாதாடி 5,000 குறைத்தோம். ரோலர் வகை, ஸ்பிரிங் இறுக்கம், ஒரு செட் முட்களும் ஷியர் போல்ட்டும் உபரி.

பழையதைக் காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் கேட்டார். தம்பி சக்கரத்தையும் ஹைட்ராலிக் குழாயையும் கழற்றி வைத்துக்கொண்டான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஊரில் புது மிஷினுக்குப் பூசணிக்காய் உடைத்தார்களாம். இங்கே அத்தை அரிவாள்மணைக்கும் பால் கேனுக்கும் பொட்டு வைத்தார்.

அக்டோபர் 5, ஞாயிறு

பின்தங்கி நட்ட ஒரு வயல் ஊரில் மிச்சமிருந்தது. அதில் ஓட்டிப் பார்த்து முப்பது கட்டு அனுப்பியிருக்கிறான் தம்பி. முதல் கட்டைத் தராசில் வைத்தேன்: பதினெட்டரை. அத்தை தூக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கயிற்றை அறுக்காமல் விரலால் தடவித் தடவி எண்ணினார்.

"பதினொரு சுத்து. எதுக்குடா இத்தினி? சணலு என்ன சும்மாவா வருது? ஏழு போதும்னு சொல்லு அவன்கிட்ட."

போன் பண்ணினேன். தம்பி வயலில் இருந்தான். ஏழு வைத்தால் லாரியில் பிரிந்துவிடும் என்கிறான். ஒன்பதுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.