இரண்டே இரண்டு பாயிண்ட்

அமெரிக்கன் ஃபுட்பால் நமக்குப் பழகாத ஆட்டம்தான் நண்பர்களே. ஆனாலும் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் 2008 சீசன் எனக்கு நல்லாவே புரியுது. 16 ஆட்டம், 16 தோல்வி!

அக்டோபர் 12, மின்னசோட்டாவுடன் ஆட்டம். பந்தை எறிய வேண்டிய ஒர்லோவ்ஸ்கி, துரத்தியவரிடம் தப்பிக்க ஓடி, தெரியாமலே தன் பக்கக் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டார். எதிரணிக்கு இரண்டு பாயிண்ட். கடைசியில் தோற்றது 12-10.

மெக்கானிக்ஸில் 38 வாங்கினவனுக்கு அந்த இரண்டின் வலி தெரியும். "அரியர்னா என்ன தம்பி?" என்றார் அப்பா. எங்க வீட்டுக்கே அது புது வார்த்தை.

கடைசி இடத்து அணிக்கே புது வீரர்களில் முதல் தேர்வு. அங்கே அப்படி ஒரு விதி. ஸ்டாஃபோர்டை எடுத்தார்கள். தொடர்ந்து 19 தோல்வி கண்ட பின், 2009 செப்டம்பர் 27-ல் வாஷிங்டனை 19-14 என்று ஜெயித்தார்கள்.

எனக்கு ஏப்ரலில் மறுபடி மெக்கானிக்ஸ்.