கடாரத்துக் கல்லும் ஒரு மில்லிசீவர்ட்டும்

மலேசியாவின் மெர்போக்கில் புக்கிட் பாத்து பகாட் கோவிலின் கல் அடித்தளத்தின் முன் நின்றபோது மெய்சிலிர்த்தது. பின்னால் 1,217 மீட்டர் உயரத்துக்கு ஓங்கி நிற்கிறது ஜெராய் மலை. 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை தாக்கிய கடாரம் இந்த மண்தான். கோவிலின் கருங்கல்லைத் தடவினேன். வெயிலிலும் குளிர்ந்திருந்தது. எல்லாக் கருங்கல்லையும்போல இதற்குள்ளும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 துளித்துளியாகச் சிதைந்துகொண்டே இருக்கின்றன. சோழனுக்கும் முன்பு, மனிதனுக்கும் முன்பு தொடங்கிய சிதைவு அது!

பீடோங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வியப்பு இரட்டிப்பானது. உரக் கொட்டகையில் பொட்டாஷ் மூட்டை ஒன்று பிரிந்து கிடந்தது. செங்கல் நிறத்தில் உப்புக்கல் போன்ற மணிகள். அது கிராமுக்குச் சுமார் 16 பெக்கரல் கதிரியக்கம் கொண்டது என்றேன். உரம் போடும் அக்கா திகைத்துப்போனார்.

“அப்ப நாங்க தினம் தொடுறோமே, ஆபத்தா தம்பி?”

“பயப்படாதீங்க அக்கா. நம்ம உடம்புக்குள்ளேயே சுமார் 4,000 பெக்கரல் பொட்டாசியம் இருக்கு. கூடுதலா வந்தா உடம்பே வெளியேத்திடும்” என்றேன்.

தோரியத்தின் கதை வேறு. அதன் தூசி மூச்சோடு போனால் நுரையீரலில் தங்கிவிடும். யுரேனியம், தோரியத்துக்கு கிராமுக்கு 1 பெக்கரல் என்ற கோட்டை மலேசியா கடைப்பிடிக்கிறது. சீக் வட்டாரத்தில் தோண்டி எடுக்கப் பேசப்படும் ‘கதிரியக்கமற்ற அரிய மண்’ தாது அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது.

குறைந்த அளவுக் கதிர்வீச்சு எவ்வளவு தீங்கானது? உலகம் முழுவதும் ஓயாத வழக்கு இது. மனிதருக்கு இயற்கையிலிருந்து கிடைப்பது ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். தொழிற்சாலைகளால் பொதுமக்களுக்கு அதற்குமேல் 1 மில்லிசீவர்ட்தான் சேரலாம் என்பது விதி. எவ்வளவு குறைந்தாலும் அதற்கேற்ற ஆபத்து உண்டு என்ற அனுமானத்தில் நிற்கும் விதி அது. சிறு அளவுகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று 2005-இல் பிரெஞ்சு அறிவியல் அகாதமி வாதிட்டது. அமெரிக்க தேசிய அகாதமியின் அறிக்கையோ அதே கணக்கை ஆதரித்தது. கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மோனசைட் மணல்மேல் வாழும் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 2009-இல் புற்றுநோய் கூடவில்லை என்றது. மூன்று நாடுகளின் மூன்று லட்சம் அணுத்துறைத் தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வோ, அளவு ஏற ஏறப் புற்றுநோய் மரணமும் ஏறுவதாகச் சொன்னது.

அறிஞர்கள் தீர்ப்புச் சொல்லும்வரை ஊர் காத்திருக்க முடியாது. அண்டை மாநிலமான பேராக்கின் புக்கிட் மேராவில் வெள்ளீய மணல் கழிவிலிருந்து அரிய மண் பிரித்த ஆலை தோரியக் கழிவைச் சேர்த்தது. மக்கள் வழக்காடினார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது.

ஐயம் தீராத இடத்தில் இழுக்கப்படும் எந்த எல்லைக்கோடும் ஓர் உடன்பாடுதான். அதன் பாரத்தைச் சுமக்கப்போகிறவர்கள் அந்த உடன்பாட்டில் இல்லையென்றால் எண் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. கதிரியக்க அளவுமானி காட்டுவதை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் தோட்டத்துப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். அரிய மண் தோண்ட அனுமதி வழங்கும் முன் அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.